இளைத்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடாதீர்கள்

என் பீரோவில் ஒரு மாம்பழ நிறச் சுடிதார் மூன்று வருடம் தொங்கியது. ரங்கநாதன் தெருவில் வாங்கும்போதே ஒரு சைஸ் சின்னது. இளைத்ததும் போடலாம் என்று நினைத்தேன். நடேசன் பூங்காவில் நடக்கப் போவதையும் அப்படியே தள்ளிப்போட்டேன், இந்த உடம்போடு எல்லார் கண்ணிலும் படவேண்டுமே என்று.

நிறையப் பேர் செய்யும் முதல் தவறு இதுதான். இன்றைய அளவுக்குச் சரியாக இருக்கிற, வியர்வையை உறிஞ்சும் பருத்தி உடையை வாங்கி, வெயில் ஏறுவதற்கு முன் ஐந்தரைக்குக் கிளம்பிவிடுங்கள். உலக சுகாதார நிறுவனம் சொல்வது வாரத்துக்கு 150 நிமிடம். ஐந்து நாள், அரை மணி நேரம். நடக்கும்போது தசைகள் ரத்தத்திலிருக்கும் சர்க்கரையை எடுத்துக்கொள்கின்றன. எடை மிஷினில் முள் அசையாத மாதத்திலும் அந்தப் பலன் கிடைக்கும்.

நேற்று கல்யாணத்தில் பாயசம் சாப்பிட்டதற்கு இன்று ராத்திரி பட்டினி கிடப்பது இன்னொரு தவறு. மறுநாள் காலையில் பசி தாங்காமல் இரண்டு இட்லி அதிகமாகத்தான் உள்ளே போகும். வழக்கமான சாப்பாட்டில் சோற்றைக் குறைத்து, கீரையும் பொரியலும் சுண்டலும் கூட்டிக்கொண்டால் போதும்.

என்னை அதிகம் கவலைப்பட வைப்பது வேறு. "என் உடம்பு இப்படித்தான், ஏற்றுக்கொண்டேன்" என்று சொல்லிவிட்டு ரத்தப் பரிசோதனையைத் தவிர்ப்பது. காரணம் எனக்குப் புரிகிறது. முட்டி வலிக்காக ஒரு கிளினிக்குக்குப் போனேன். டாக்டர் முட்டியைத் தொட்டுக்கூடப் பார்க்காமல், "முதல்ல வெயிட்டக் குறைங்கம்மா" என்றார். அதற்குப் பிறகு இரண்டு வருடம் நான் எந்த டாக்டரிடமும் போகவில்லை. அதில் நஷ்டம் எனக்குத்தான். இப்போது, "எடையைப் பற்றி அப்புறம் பேசலாம் டாக்டர், முதல்ல முட்டியைப் பாருங்க" என்று சொல்லப் பழகிவிட்டேன். நீங்களும் தயங்காமல் சொல்லுங்கள். மூன்று மாதச் சர்க்கரைச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி 5.7 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் நல்லது, 6.5-ஐத் தொட்டால் சர்க்கரை நோய். பிரஷரையும் சர்க்கரையையும் மாநகராட்சி ஆரம்ப சுகாதார நிலையத்தில் காசில்லாமலே பார்த்துக்கொள்ளலாம்.

ஒல்லியாக இருப்பவர்களுக்கும் இது பொருந்தும். நம் ஊர்க்காரர்களுக்குக் குறைந்த எடையிலேயே வயிற்றைச் சுற்றிக் கொழுப்பு சேர்கிறது. அதனால்தான் மேலை நாட்டினருக்கு பி.எம்.ஐ. (உயரத்தோடு எடையை ஒப்பிடும் அளவு) 25-ல் தொடங்கும் அதிக எடை, இந்தியர்களுக்கு 23-லேயே தொடங்குகிறது. இடுப்புச் சுற்றளவு ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர், பெண்களுக்கு 80. அதைத் தாண்டினால் கவனம் தேவை.

அப்புறம், வீட்டுப் பிள்ளைகளை "குண்டு" என்று கூப்பிடாதீர்கள், செல்லமாகக்கூட. என் அக்கா மகள் பதினோரு வயதில் பள்ளியில் கோகோ ஆடுவதை நிறுத்தினாள். ஏன் என்று கேட்டதற்கு, ஓடும்போது தொடை ஆடுவதாக அத்தை சொன்னார்களாம். அந்த வார்த்தையை மறக்கடித்து அவளை மறுபடி மைதானத்துக்கு அனுப்ப எங்களுக்கு ஒரு வருடம் ஆனது.