திண்டுக்கல் மலைக்கோட்டையைச் சிப்பாயின் கண்ணோடு பார்ப்பது எப்படி?

அக்கா மகன் தினமும் விடிகாலையில் மதுரை ரேஸ்கோர்ஸ் மைதானத்தில் ஓடுகிறான். ராணுவத்தில் சேர வேண்டும் என்பது பத்தாவது படிக்கும்போதே வந்த ஆசை. ஒருநாள் "மாமா, ராணுவத்துக்குப் பயிற்சி கொடுக்குற இடம் ஒண்ணைப் பார்க்கணும், கூட்டிட்டுப் போங்க" என்றான். சென்னை பரங்கிமலையில் அதிகாரிகள் பயிற்சி அகாடமி இருக்கிறது. உடுமலைப்பேட்டைக்கு அந்தப் பக்கம் அமராவதிநகரில் 1962ல் தொடங்கிய சைனிக் பள்ளி இருக்கிறது. ஆனால் இரண்டும் இன்றைக்கும் பயிற்சி நடக்கிற இடங்கள், நினைத்த நேரத்தில் டிக்கெட் எடுத்துச் சுற்றிப் பார்க்க முடியாது. யோசித்துப் பார்த்துவிட்டு அவனைத் திண்டுக்கல்லுக்குக் கூட்டிப்போனேன். அவன் கேட்டதற்கு மதுரைக்குப் பக்கத்தில் அதைவிடப் பொருத்தமான இடம் இல்லை என்று இப்போதும் நினைக்கிறேன்.

ஏன் என்றால், 1755ல் மைசூர் அரசு ஐதர் அலியைத் திண்டுக்கல்லுக்குப் பௌஜ்தாராக, அதாவது படைத் தலைமை அதிகாரியாக, அனுப்பியது. அதுவரை அவர் பல தளபதிகளில் ஒருவர், அவ்வளவுதான். இங்கே வந்த பிறகுதான் பிரெஞ்சுக்காரர்களை வேலைக்கு வைத்து, ஸ்ரீரங்கப்பட்டணம், திருச்சி, புதுச்சேரி என்று பல ஊர்களிலிருந்து கைவினைஞர்களை வரவழைத்து, ஆயுதச்சாலை அமைத்து, தனக்கென்று ஒரு பீரங்கிப்படையை உருவாக்கினார். பின்னால் ஆங்கிலேயரை நடுங்க வைத்த மைசூர்ப் படை பாடம் படிக்கத் தொடங்கிய ஊர் இது. நாம் இந்த ஊரைப் பிரியாணிக்கும் பூட்டுக்கும் மட்டும் தெரிந்து வைத்திருக்கிறோம் என்பதில் எனக்கு உண்மையாகவே வருத்தம் உண்டு.

சரி, போவது எப்படி? மதுரையிலிருந்து சுமார் 65 கிலோமீட்டர். ஆரப்பாளையத்தில் பஸ் ஏறினால் வாடிப்பட்டி, கொடைரோடு வழியாகப் போய்விடலாம். ரயில் என்றால் ஏறக்குறைய ஒரு மணி நேரம். திண்டுக்கல்லில் இறங்கி ஆட்டோக்காரரிடம் "மலைக்கோட்டை அடிவாரம்" என்றால் போதும், ஊருக்கு நடுவே யானை படுத்திருப்பது போலத் தெரிகிற பாறைதான், வழி தவற வாய்ப்பே இல்லை. திண்டு மாதிரி இருக்கும் கல் என்பதால்தான் திண்டுக்கல் என்று பெயர் வந்தது என்பார்கள்.

கோட்டை தொல்லியல் துறையின் பராமரிப்பில் இருக்கிறது. அடிவாரத்தில் டிக்கெட் எடுக்க வேண்டும், 15 வயதுக்கு உட்பட்டவர்களுக்குக் கட்டணம் இல்லை. கேட் திறந்ததும் முதல் ஆளாக உள்ளே போய்விடுங்கள். இது ரொம்ப முக்கியம். ஏறுகிற படி கிழக்குப் பக்கம் இருக்கிறது, நேரம் ஆக ஆக வெயில் நேராக முதுகில் விழும், பாறையும் சூடேறிவிட்டால் அனல் கீழிருந்தும் வரும். சித்திரை, வைகாசியில் பதினொரு மணிக்குக் குழந்தைகளோடு ஏறத் தொடங்குகிறவர்களைப் பார்த்தால் மனசு கேட்காது. கார்த்திகை முதல் மாசி வரைதான் நல்ல பருவம். மழை பெய்து ஓய்ந்த மறுநாள் வேண்டாம், பாறை வழுக்கும். தேய்ந்துபோன ரப்பர் செருப்போடு வராதீர்கள், பிடிமானம் உள்ள ஷூ போடுங்கள். ஆளுக்கு ஒரு லிட்டர் தண்ணீராவது கையில் இருக்கட்டும், மேலே கடை எதையும் எதிர்பார்க்க வேண்டாம். அப்புறம் ஒரு தொப்பி. பிரியாணியை இறங்கின பிறகு வைத்துக்கொள்ளுங்கள், சாப்பிட்டுவிட்டு ஏறினால் பாதியிலேயே உட்கார்ந்துவிடுவீர்கள்.

பாறையிலேயே வெட்டிய படிகள், உயரம் குறைவு, அகலம் அதிகம். நிதானமாக ஏறினால் அரை மணி நேரம் போதும். எங்கள் அம்மாவுக்கு அறுபத்தெட்டு வயது, நான்கு இடத்தில் உட்கார்ந்து ஏறிவிட்டார். முட்டி வலி உள்ளவர்களுக்கு ஏறுவதைவிட இறங்குவதுதான் சிரமம் தரும், அதை மனதில் வைத்து முடிவு செய்யுங்கள்.

இனிமேல் சொல்லப்போவதுதான் நான் இதை எழுதுவதற்கே காரணம். பெரும்பாலானவர்கள் நேராக உச்சிக்குப் போய், செல்ஃபி எடுத்து, காற்று வாங்கிவிட்டு இறங்கிவிடுகிறார்கள். அப்படிச் செய்யாதீர்கள். ஏறும்போதே, இந்தக் கோட்டையைத் தாக்க வருகிற படையில் நீங்களும் ஒருவர் என்று நினைத்துக்கொள்ளுங்கள். மற்ற பக்கமெல்லாம் பாறை செங்குத்தாக இறங்குகிறது, இந்த ஒரு பக்கம்தான் வழி, கையில் துப்பாக்கி, தலைக்கு மேலே மதில், மதிலில் துளைகள், ஒவ்வொரு துளைக்குப் பின்னாலும் ஒரு கண். பாதிப் படியில் நின்று சுற்றிலும் பாருங்கள், ஒளிய ஒரு மரம் கூட இல்லை. 1790 ஆகஸ்டில் ஆங்கிலேயப் படை கர்னல் ஸ்டூவர்ட் தலைமையில் இந்தக் கோட்டையைத் தாக்கியபோது ஏற முயன்றவர்கள் அடித்து விரட்டப்பட்டார்கள், அதற்குப் பிறகுதான் உள்ளே இருந்த மைசூர்ப் படையினர் சரணடைந்தார்கள். அந்தப் படியில் மூச்சு வாங்க நிற்கும்போது இதை மருமகனிடம் சொன்னேன், அவன் ரொம்ப நேரம் ஒன்றும் பேசவில்லை, மதிலையே பார்த்துக்கொண்டிருந்தான்.

வாசலைத் தாண்டியதும் இப்போது நீங்கள் காவல்காரர். மதிலோரமாகவே நடந்து துளைகள் வழியாக வெளியே பாருங்கள், ஒவ்வொரு துளையும் கீழே எந்த இடத்தைக் குறி வைக்கிறது என்று கவனியுங்கள். பீரங்கி நிற்கும் இடங்களில் அது எந்தத் திசையைப் பார்க்கிறது, அங்கே கீழே எந்தச் சாலை வருகிறது என்று பாருங்கள். சுவரில் கல்லும் செங்கலும் கலந்திருக்கும். நாயக்கர் காலத்தில் 1605ல் முத்துக்கிருஷ்ணப்ப நாயக்கர் தொடங்கி வைத்தது, திருமலை நாயக்கர் பலப்படுத்தியது, பிறகு மைசூர்க்காரர்கள், கடைசியில் ஆங்கிலேயர் என்று பல கைகள் பட்ட சுவர் அது.

உள்ளே வெடிமருந்துக் கிடங்கை மட்டும் தவற விடாதீர்கள். மழைத்தண்ணீர் தங்காமல் வழிந்தோடும்படி சரிந்த கூரை, தடித்த சுவர், வெயில் நேராக விழாமல் காற்று மட்டும் போய் வரும் வழி. ஈரம் பட்டால் மருந்து வீண், சூடு பட்டால் கோட்டையே போய்விடும், இரண்டுக்கும் நடுவில் கட்டியவன் எப்படி யோசித்திருக்கிறான் என்று அங்கே பத்து நிமிஷம் நின்று பார்க்கலாம். சிப்பாய்கள் தங்கிய அறைகள், சிறை அறைகள், சமையல் கூடம், குதிரை லாயம் எல்லாம் இருக்கின்றன. அறைக்குள் போனால் வெளியே இருக்கும் வெக்கை சட்டென்று குறைவது தெரியும். மழைத்தண்ணீர் தேங்குவதற்கான இடங்களையும் தேடிப் பாருங்கள். முற்றுகையில் கோட்டை எத்தனை நாள் தாங்கும் என்பதைத் தீர்மானிப்பது தண்ணீர்தான்.

தயவுசெய்து சுவரில் பெயர் கிறுக்காதீர்கள். காதலர் பெயர், ஊர்ப் பெயர், நம்பர் என்று செங்கல் பூச்சையெல்லாம் சுரண்டி வைத்திருக்கிறார்கள், பார்க்கவே வயிறு எரிகிறது. கூட வரும் பையன்களிடம் ஏறுவதற்கு முன்பே கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள்.

உச்சியில் அபிராமி அம்மன் கோயில், உள்ளே மூலவர் சிலை இல்லை, வழிபாடு ஊருக்குள் இருக்கிற கோயிலில் நடக்கிறது. தூண் சிற்பங்களைப் பார்த்து முடித்ததும் வெளியே வந்து திசைகளைப் பாருங்கள். தென்கிழக்கே சிறுமலை, மேற்கே கொடைக்கானல் மலைத்தொடர். கோயம்புத்தூர்ச் சீமையிலிருந்து மதுரைக்கு வரும் படை இந்த இரண்டு மலைகளுக்கும் நடுவில்தான் வர வேண்டும், அந்த இடைவெளியின் வாயில் இந்தப் பாறை உட்கார்ந்திருக்கிறது. திண்டுக்கல்லுக்காக ஏன் அத்தனை பேர் அடித்துக்கொண்டார்கள் என்பது அங்கே நின்றால் ஒரு நிமிஷத்தில் புரியும். 1757ல் ஐதர் அலி இங்கிருந்துதான் புறப்பட்டுச் சோழவந்தானைப் பிடித்து மதுரை வரைக்கும் வந்தார், அவரை நத்தம் பக்கத்தில் எதிர்த்து விரட்டியவர் அப்போது ஆங்கிலேயர் படைத் தளபதியாக இருந்த யூசுப்கான், நாம் மருதநாயகம் என்று சொல்கிறோமே, அவர்தான்.

வேலு நாச்சியாரையும் இங்கே நினைத்துக்கொள்ளுங்கள். 1772ல் காளையார்கோவிலில் கணவர் முத்துவடுகநாதர் கொல்லப்பட்ட பிறகு நாச்சியார் விருப்பாச்சிப் பாளையக்காரர் கோபால் நாயக்கர் பாதுகாப்பில் இந்தப் பகுதியில்தான் இருந்தார். ஐதர் அலியின் படை உதவியோடு 1780ல் சிவகங்கையை மீட்டார். அந்தக் கோபால் நாயக்கரை ஆங்கிலேயர் 1801ல் திண்டுக்கல்லிலேயே தூக்கிலிட்டார்கள். பெண் பிள்ளைகளைக் கூட்டிப்போகிறவர்கள் இந்தக் கதையை மேலே வைத்துச் சொல்லுங்கள், வீட்டில் சொல்வதைவிட நன்றாகப் பதியும்.

எல்லாம் சேர்த்து மேலே இரண்டரை மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். இறங்கின பிறகு தெம்பு இருந்தால் பேகம்பூர் பெரிய பள்ளிவாசலுக்குப் போகலாம், ஐதர் அலியின் தங்கை அமீருன்னிசா பேகம் அங்கே அடக்கமாகி இருக்கிறார். தொழுகை நேரம் பார்த்து, அமைதியாகப் போய் வர வேண்டிய இடம். அதற்கப்புறம் சீரகச்சம்பா பிரியாணி, அதற்கு நான் வழி சொல்லத் தேவையில்லை, வாசனையே சொல்லும்.

திரும்பும்போது ஆரப்பாளையத்தில் இறங்கினால் சம்மட்டிபுரம் பக்கம்தான். யூசுப்கானை 1764 அக்டோபரில் தூக்கிலிட்டது அங்கேதான், உடலின் ஒரு பகுதியை அடக்கம் செய்த இடத்தில் பள்ளிவாசல் இருக்கிறது. நாங்கள் போய்ச் சேர்ந்தபோது பொழுது சாய்ந்திருந்தது. மருமகன் ஷூவைக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே போய் நின்றான். வெளியே வந்ததும், நாளைக் காலையில் நாலரை மணிக்கே எழுப்பிவிடச் சொன்னான்.