கார்ட்டிசால் அளவை வைத்து கர்ப்பிணியின் மனதை எடைபோடாதீர்கள்

எட்டாவது மாதத்தில் எடுத்த ரத்தப் பரிசோதனையில், பதற்றத்தின்போது சுரக்கும் ஹார்மோனான கார்ட்டிசால் வழக்கத்தைவிட இரண்டு மூன்று மடங்கு இருக்கிறது. உடனே வீட்டில் யாராவது ஒருவர், "எல்லாத்துக்கும் டென்ஷன் ஆனா இப்படித்தான்" என்று சொல்லிவிடுவார். முதல் தவறு இதுதான். மற்றவை பெரும்பாலும் இதிலிருந்தே கிளைக்கின்றன.

கர்ப்பம் இல்லாத நாட்களில் கார்ட்டிசால் சுரக்கும் ஏற்பாடு எளிமையானது. பதற்றம் வந்தால் மூளையின் ஹைபோதலாமஸ் சிஆர்ஹெச் என்ற ஹார்மோனை விடும், அது மூளையின் அடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பியைத் தட்டும், பிட்யூட்டரி சிறுநீரகத்தின் மேல் உள்ள அட்ரினல் சுரப்பியைத் தட்டும், கார்ட்டிசால் சுரக்கும். போதுமான அளவு சுரந்ததும் அந்தக் கார்ட்டிசாலே மூளைக்குப் போய் "நிறுத்து" என்று சொல்லும். கர்ப்பத்தில் நஞ்சுக்கொடியும் சிஆர்ஹெச் சுரக்கத் தொடங்குகிறது. இங்கேதான் வேடிக்கை: மூளையில் சிஆர்ஹெச்சை அடக்கும் அதே கார்ட்டிசால், நஞ்சுக்கொடியில் அதைத் தூண்டிவிடுகிறது. கூடவே ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோன், கார்ட்டிசாலைப் பிடித்துவைக்கும் புரதத்தை ரத்தத்தில் கூட்டுகிறது. ஆக, அந்த மாதத்தில் மொத்த அளவு ஏறுவது இயல்பு. கர்ப்பிணி அல்லாதவர்களுக்கான அளவுகோலை வைத்துப் பார்த்தால் தப்பாகத்தான் படும்.

சரி, அளவு கூடினால் பதற்றமும் கூடும்தானே? இல்லை. ஏரியில் நீர்மட்டம் உயர்வது வேறு, அலை அடிப்பது வேறு. கர்ப்பத்தின் பிற்பகுதியில் கார்ட்டிசாலின் மட்டம் உயர்ந்து, பதற்றத்துக்கு உடல் காட்டும் எதிர்வினை என்ற அலை தணிகிறது. எலிகளில் இதன் காரணம் நன்றாகவே தெரிந்திருக்கிறது. கர்ப்ப ஹார்மோனான புரொஜெஸ்டிரோனிலிருந்து உருவாகும் அலோபிரெக்னனலோன் என்ற பொருள், மூளை தானே தயாரிக்கும் ஓபியாய்டுகளை, அதாவது அபின் போலத் தணிக்கும் பொருட்களை, கூட்டுகிறது. அவை ஹைபோதலாமஸுக்கு வரும் அபாயச் செய்தியை வழியிலேயே மறித்துவிடுகின்றன. ஓபியாய்டைத் தடுக்கும் மருந்தைக் கொடுத்தால், அடங்கியிருந்த பதற்ற எதிர்வினை திரும்ப வருகிறது. மனிதர்களிடமும் சாடை தெரிகிறது. 1994-ல் லாஸ் ஏஞ்சலஸ் பகுதியை உலுக்கிய நார்த்ரிட்ஜ் நிலநடுக்கத்தை அனுபவித்த கர்ப்பிணிகளில், முதல் மூன்று மாதங்களில் இருந்தவர்களுக்கு அது பெரிய அதிர்ச்சியாகவும் கடைசி மூன்று மாதங்களில் இருந்தவர்களுக்கு அவ்வளவு பெரிதாக இல்லாமலும் பட்டிருக்கிறது.

இதைக் கேட்டுவிட்டு எதிர்ப்பக்கம் சாய்வது அடுத்த தவறு. "கடைசி மாதங்களில் எதுவும் அவளைப் பாதிக்காது" என்று முடிவுகட்டக் கூடாது. எலிகளில் தெளிவாகத் தெரிவது பெண்களிடம் எல்லா வகை மன அழுத்தத்திலும் அப்படியே தெரிவதில்லை. அடி உதையும் விடாத கவலையும் தூக்கமில்லாத இரவுகளும் ஹார்மோன் தணிந்தால் தீர்ந்துபோகிற விஷயங்களா என்ன?

நேற்றுப் போட்ட சண்டையால் குழந்தைக்கு என்ன ஆகுமோ என்று குமைவது இன்னொரு தவறு. நஞ்சுக்கொடியில் உள்ள ஒரு நொதி, அம்மாவின் கார்ட்டிசாலில் பெரும்பகுதியை வீரியமற்ற கார்ட்டிசோனாக மாற்றிவிடுகிறது. அந்தத் தடுப்பு முழுமையானதல்ல, ஆனால் ஒரு நாள் கோபத்தைத் தாங்கும்.

அப்புறம், கார்ட்டிசாலைக் குறைக்கும் என்று விற்கிற மாத்திரைகளைக் கேட்காமல் விழுங்குவது. அசுவகந்தா இதில் அடிக்கடி வரும் பெயர். கருச்சிதைவு அபாயம் இருக்கலாம் என்பதால் கர்ப்பத்தில் அதைத் தவிர்க்கச் சொல்கிறார்கள்.

என் கணக்கில் எல்லாவற்றிலும் மோசமான தவறு பிரசவத்துக்குப் பிறகு நடப்பது. நஞ்சுக்கொடி வெளியேறியதும் இந்த ஏற்பாடு முழுவதும் சரிகிறது. அலோபிரெக்னனலோன் சில நாட்களில் மளமளவென்று இறங்குகிறது. மூன்றாம் நாள், நான்காம் நாள் காரணமில்லாமல் வரும் அழுகை பலருக்கும் வருவதுதான், தானாக அடங்கும். இரண்டு வாரம் தாண்டியும் நீடித்தால் "பிள்ளை பெத்தா அப்படித்தான்" என்று விடக் கூடாது; மருத்துவரிடம் போக வேண்டும். தனக்கோ குழந்தைக்கோ தீங்கு செய்யும் எண்ணம் வந்தால் இரண்டு வாரம் என்ற கணக்கே இல்லை, அன்றைக்கே போக வேண்டும். பிரசவத்துக்குப் பிந்தைய மனச்சோர்வுக்கென்றே 2019-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற முதல் மருந்தான பிரெக்ஸனலோன், அந்த அலோபிரெக்னனலோனேதான்.