தொட்டியில வளர்க்கிற கடல் மீனுக்கு உடம்பு சரியில்லன்னு எப்படி கண்டுபிடிக்கிறது

தீனி போடுற நேரம்தான் செக்கப் நேரம், டெய்லி முதல்ல ஓடி வர்ற மீன் பாறை இடுக்குல ஒதுங்கி நின்னா அப்பவே உஷாராயிடுங்க. எல்லா மீனும் ஒரே நேரத்துல மூச்சு வாங்குனா முதல்ல தண்ணியில அம்மோனியா டெஸ்ட் பண்ணுங்க. ஒண்ணு மட்டும்னா டார்ச்ச பக்கவாட்டுல அடிச்சுப் பாருங்க, துடுப்புல தூள் உப்பு ஒட்டின மாதிரி தனித்தனி புள்ளின்னா இக்ங்கிற ஒட்டுண்ணி நோய், பவுடர் பூசின மாதிரி மங்கலா மினுக்குனா வெல்வெட்ங்கிற இன்னொரு ஒட்டுண்ணி நோய், இது சில நாள்லயே ஆளைக் காலி பண்ணிடும். இக் புள்ளி தானா மறைஞ்சா சந்தோஷப்படாதீங்க (நான் பட்டேன், என் ப்ளூ டேங் (Blue Tang) மீனுக்கு அடுத்த வாரமே டபுளா வந்துச்சு), ஒட்டுண்ணி கீழ இறங்கி மணல்ல பெருகிட்டு இருக்கும். மீனைத் தனித் தொட்டிக்கு மாத்தி அங்கதான் காப்பர் மருந்து, மெயின் தொட்டில ஊத்துனா பவளம், இறால் எல்லாம் போயிடும்.