டெலி லென்ஸுக்கு எந்த பாடி? மதுரைப் பக்கம் பறவை எடுக்கத் தொடங்குகிறவர்களுக்கு

மதுரையில் கேமரா வாங்க யோசனை கேட்டால், நம்மிடம் முதலில் பேசுகிறவர் பெரும்பாலும் கல்யாண ஆல்பம் எடுக்கிறவராகத்தான் இருப்பார். "ஃபுல் ஃபிரேமா வாங்கிருங்க தம்பி, பின்னாடி வருத்தப்பட மாட்டீங்க" என்பார். ஃபுல் ஃபிரேம் என்றால் படத்தைப் பதியும் சென்சார் பெரிதாக இருக்கும் கேமரா. மண்டபத்துக்குள் பத்தடி தூரத்தில் மாப்பிள்ளை பெண்ணை எடுக்கிறவருக்கு அது நூற்றுக்கு நூறு சரி. கண்மாய்க்கு நடுவே கருவேல மரத்தில் உட்கார்ந்திருக்கும் மீன்கொத்திக்கு வேறு கணக்கு. அந்தக் கணக்கைப் படிப்படியாகப் போட்டுப் பார்ப்போம். டெலி லென்ஸ் என்பது தூரத்தில் இருப்பதைப் பெரிதாகக் காட்டும் லென்ஸ், பாடி என்பது லென்ஸ் இல்லாத கேமரா.

படி 1: எங்கே எடுக்கப் போகிறீர்கள்?

நம்ம பக்கம் மூன்று விதமான இடங்கள் உண்டு. முதலாவது கண்மாய். சாமநத்தம், வண்டியூர் போன்ற இடங்களில் வடகிழக்குப் பருவமழை முடிந்து தண்ணீர் நிற்கும் மாதங்களில் மஞ்சள் மூக்கு நாரை, கரண்டிவாயன், நீர்க்காகம் எல்லாம் கிடைக்கும். வெளிச்சம் தாராளம், ஆனால் தூரம் அதிகம்.

இரண்டாவது பாறைக்குன்று. மேலூர் பக்கம் அரிட்டாபட்டி இதற்குப் பேர்போனது. 2022 நவம்பரில் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்ட ஊர். லகர் வல்லூறு, ஷாஹீன் வல்லூறு போன்ற வேட்டைப் பறவைகள் பாறையை ஒட்டி வேகமாகப் பறக்கும். அங்கே போகஸ் வேகம் இல்லாத பாடியை வைத்துக்கொண்டு நின்றால் கழுத்து வலிதான் மிச்சம்.

மூன்றாவது மரநிழல். அழகர்கோவில் மலையடிவாரம், நரை அணிலுக்காகவே 1988இல் சரணாலயம் ஆன ஸ்ரீவில்லிபுத்தூர்க் காடு. அங்கே வெளிச்சம்தான் பிரச்சினை.

தொடங்குகிறவர்கள் பத்துக்கு எட்டு முறை கண்மாய்க்குத்தான் போவார்கள். அதை மனதில் வைத்தே வாங்குங்கள். வருஷத்துக்கு ஒரு தடவை போகும் காட்டுக்காக அல்ல.

படி 2: லென்ஸை முதலில் முடிவு செய்யுங்கள்

பாடி நாலைந்து வருஷத்தில் மாறும், நல்ல லென்ஸ் பத்து வருஷம் நிற்கும். மொத்தப் பணத்தில் பாதிக்கு மேல் லென்ஸுக்கு ஒதுக்கிவிட்டு, மிச்சத்தில் பாடி தேடுங்கள்.

கேனனின் ஆர்எஃப் 100-400 (எம்எம் கணக்கு; எண் கூடக் கூட தூரத்துப் பறவை பெரிதாகத் தெரியும்) வெறும் 635 கிராம்தான், கையில் வைத்துக்கொண்டு கண்மாய்க்கரை முழுக்க நடக்கலாம். ஆனால் 400இல் எஃப் 8 ஆகிவிடும் (எஃப் எண் கூடினால் லென்ஸின் துவாரம் சிறுக்கும்), எஃப் 5.6 லென்ஸோடு ஒப்பிட்டால் பாதி வெளிச்சம்தான் உள்ளே போகும். நிக்கான் இசட் 180-600, சோனி 200-600 இரண்டும் 600இல் எஃப் 6.3. எடை இரண்டு கிலோ அளவில். இவற்றை 400, 500 கிராம் பாடியில் மாட்டினால் முன்பக்கம் இழுக்கும். அதனால் பாடியின் பிடி ஆழமாக இருக்கிறதா, சுண்டுவிரலுக்கு இடம் இருக்கிறதா என்று பாருங்கள். இதைக் கடையில் யாரும் சொல்ல மாட்டார்கள்.

வீட்டில் ஏற்கெனவே பழைய லென்ஸ் இருந்தால் ஒரு எச்சரிக்கை. கேனனின் பழைய இஎஃப் லென்ஸ்கள் அடாப்டர் போட்டால் புது ஆர் பாடிகளில் ஆட்டோ போகஸோடு ஓடும். நிக்கானில் எஃப்டிஇசட் அடாப்டர் (பழைய லென்ஸைப் புது இசட் பாடியில் மாட்டும் இணைப்பு) போட்டால் ஏஎஃப்-எஸ் வகை ஓடும். அதற்கு முந்தைய ஏஎஃப்-டி வகைக்கு எஃப்டிஇசட் அடாப்டரில் ஆட்டோ போகஸ் கிடையாது. டி3500, டி5600 போன்ற டிஎஸ்எல்ஆர்களிலும் (உள்ளே கண்ணாடி இருக்கும் பழைய வகை கேமரா) லென்ஸை ஓட்டும் மோட்டார் பாடிக்குள் இல்லாததால் இதே கதைதான்.

படி 3: சென்சார் கணக்கு

எதிரே 30 மீட்டரில் வெண்தொண்டை மீன்கொத்தி. அலகிலிருந்து வால்வரை சுமார் 28 செ.மீ. உங்களிடம் 400 எம்எம் லென்ஸ்.

ஃபுல் ஃபிரேம் பாடியில் படத்தின் அகலம் அந்தத் தூரத்தில் 2.7 மீட்டர். அதில் மீன்கொத்தி பத்தில் ஒரு பங்கு. பாடி 24 மெகாபிக்சல் என்றால் பறவைக்குக் கிடைப்பது நீளவாக்கில் சுமார் 620 பிக்சல்.

அதே லென்ஸை கேனன் ஆர்7இல் மாட்டுங்கள். அது 1.6 மடங்கு கிராப் சென்சார் (ஃபுல் ஃபிரேமைவிட நீள அகலத்தில் அந்த மடங்கு சிறியது), 32.5 மெகாபிக்சல். படத்தின் அகலம் 1.7 மீட்டருக்குச் சுருங்கும்; மீன்கொத்திக்குக் கிடைப்பது 1,150 பிக்சலுக்கு மேல். லென்ஸும் அதே, நிற்கும் இடமும் அதே, ஆனால் இறகு விவரம் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு.

ஃபுல் ஃபிரேமில் எடுத்துப் பின்னால் வெட்டிக்கொள்ளலாமே என்பார்கள். 24 மெகாபிக்சல் படத்தை 1.5 மடங்கு கிராப் அளவுக்கு வெட்டினால் மிஞ்சுவது 10.7தான். நிக்கான் இசட்8 போல 45 மெகாபிக்சல் இருந்தால் வெட்டிய பிறகும் 19க்கு மேல் நிற்கும், ஆனால் அதன் விலைக்கு நம்மில் பலர் பழைய கார் வாங்கிவிடுவோம்.

தொடங்குகிறவருக்கு என் ஓட்டு கிராப் சென்சாருக்கே. நரை அணில், ஆந்தை என்று மங்கல் வெளிச்சமே உங்கள் வேலை என்றால் மட்டும் ஃபுல் ஃபிரேம் பக்கம் யோசியுங்கள்.

படி 4: போகஸ்

பறவை எடுக்கிறவர் பணம் கொடுப்பது இதற்குத்தான். இப்போதைய மிரர்லெஸ் பாடிகள் (உள்ளே கண்ணாடி இல்லாத புது வகை) பறவையை அடையாளம் கண்டு கண்ணில் போகஸ் வைத்துக்கொண்டே தொடரும். 2022இல் வந்த கேனன் ஆர்7, ஆர்10, 2023இல் வந்த சோனி ஏ6700, 2024இல் வந்த நிக்கான் இசட்50இன் இரண்டாம் பதிப்பு எல்லாவற்றிலும் இந்த வசதி உண்டு. விலை குறைந்த எல்லா மிரர்லெஸ்ஸிலும் இருக்கும் என்று நினைத்துவிடாதீர்கள். மெனுவைத் திறந்து, பறவை அல்லது விலங்கு என்ற தேர்வு இருக்கிறதா என்று கண்ணால் பாருங்கள்.

டிஎஸ்எல்ஆர் வேண்டாமா? கைப்பணம் குறைவு என்றால் தாராளமாக வாங்கலாம். 2016இல் வந்த நிக்கான் டி500 இன்றும் பறக்கும் பருந்தைப் பிடிக்கும். 153 போகஸ் புள்ளி, நொடிக்கு 10 படம். கண்ணைத் தேடித் தராது, புள்ளியை நீங்கள்தான் பறவை மேல் வைத்திருக்க வேண்டும். அந்தப் பழக்கம் வந்துவிட்டால் பின்னால் எந்த பாடியிலும் உதவும்.

படி 5: வேகம், சத்தம், கார்டு

நொடிக்கு 10 படம் போதும். 30 என்று விளம்பரம் பார்த்தால், அது எலக்ட்ரானிக் ஷட்டர் (திரை அசையாமல் சென்சாரே படத்தை வரிவரியாகப் படிக்கும் முறை) வேகமா என்று கேளுங்கள். ஆர்7 போன்ற பாடிகளில் அந்த முறையில் வேகமாக அடிக்கும் சிறகு வளைந்து தெரியும். உட்கார்ந்திருக்கும் பறவைக்கு அது நல்லதுதான், சத்தமே வராது. வேட்டங்குடி பறவைகள் சரணாலயத்தை ஒட்டிய கொள்ளுக்குடிப்பட்டிக்காரர்கள் பறவைகளுக்காகத் தீபாவளிக்குப் பட்டாசே வெடிப்பதில்லை. அங்கே போய் நாம் சடசடவென்று ஷட்டர் அடிப்பது அழகில்லை.

பாடிக்குள் இருக்கும் ஆட்டத்தடுப்பு இல்லையே என்று ஆர்10ஐ ஒதுக்காதீர்கள். டெலி லென்ஸ்கள் பலவற்றில் அது லென்ஸிலேயே இருக்கிறது. யுஎச்எஸ்-2 கார்டு (வேகமாகப் பதியும் மெமரி கார்டு) ஒன்றும் கூடுதல் பேட்டரியும் பட்ஜெட்டில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

படி 6: கடை வாசலில் சோதனை

உங்கள் சொந்த கார்டோடு போங்கள். வாங்கப்போகும் லென்ஸையே மாட்டச் சொல்லுங்கள். "அண்ணே, வாசல்ல ரெண்டு படம் எடுத்துப் பார்த்துக்கிறேன்" என்று கேட்டால் பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள். மாசி வீதிப் பக்கம் புறாவுக்கும் கரும்பருந்துக்கும் பஞ்சமில்லை.

தொடர் போகஸ் முறையில் வையுங்கள். முதலில் பக்கத்தில் இருக்கும் கதவு நிலையில் போகஸ் செய்துவிட்டு, சட்டென்று எதிர் மாடியில் இருக்கும் புறாவுக்குத் தூக்குங்கள். உடனே தாவுகிறதா, முன்னும் பின்னும் தடவுகிறதா? அடுத்து, பின்னால் கட்டடமோ மரமோ வரும்படி பருந்தைத் தொடருங்கள். வெறும் வானத்தில் எல்லா கேமராவும் சமர்த்துதான். பின்னணி வந்ததும் போகஸ் சுவருக்கு ஓடுகிறதா என்பதே கேள்வி. இருபது படம் தொடர்ந்து எடுத்து, ஒவ்வொன்றையும் முழு அளவுக்குப் பெரிதாக்கிக் கண்ணைப் பாருங்கள். கடைசியாக ஒரு நிமிஷம் சும்மா வைத்திருந்து, கண்ணில் வைத்து ஷட்டரைத் தொடுங்கள். வியூஃபைண்டர் விழித்துக்கொள்ளத் தாமதித்தால் அந்த நேரத்தில் மீன்கொத்தி தண்ணீருக்குள் போய்விட்டு மரத்துக்குத் திரும்பியிருக்கும்.

கடையில் முடியாவிட்டால், கல்யாண வேலைக்கு கேமரா வாடகைக்கு விடுகிறவர்களிடம் ஒரு நாள் எடுத்து கண்மாயில் பாருங்கள்.

படி 7: செகண்ட் ஹேண்ட் என்றால்

ஷட்டர் கவுண்ட், அதாவது அந்த பாடி இதுவரை எத்தனை படம் எடுத்திருக்கிறது என்று கேளுங்கள். டி500க்கு நிறுவனம் சொல்லும் ஆயுள் 2 லட்சம். முகூர்த்த சீசன்களில் ஓடிய பாடியில் அதில் பெரும்பகுதி கரைந்திருக்கும். எஃப் 16 வைத்து வெள்ளைச் சுவரை எடுத்தால் சென்சார் தூசி தெரிந்துவிடும். கனமான லென்ஸ் மாட்டி லேசாக அசைத்துப் பாருங்கள். மவுண்ட் (லென்ஸ் மாட்டும் வளையம்) ஆடினால் வேண்டாம்.

படி 8: முதல் நாள் காலை

எந்த பாடி வாங்கினாலும் ஒன்பது, பத்து மணிக்கு மேல் கண்மாயில் கானல் எழும். தண்ணீருக்கு மேல் 100 மீட்டர் தள்ளி நிற்கும் நாரை நெளிந்து நெளிந்து தெரியும். அதை போகஸ் கோளாறு என்று நினைத்து சர்வீஸ் சென்டருக்குத் தூக்கிக்கொண்டு ஓடுகிறவர்கள் உண்டு. பாடியைச் சோதிக்க விடிந்த கையோடு, பக்கத்தில் இருக்கும் பறவையை எடுங்கள்.

உட்கார்ந்திருந்தால் ஷட்டர் வேகம் 1/500 நொடி, பறந்தால் 1/2000, தண்ணீரில் பாயும் மீன்கொத்திக்கு 1/3200. ஐஎஸ்ஓவை (சென்சார் வெளிச்சத்தை உணரும் அளவு) ஆட்டோவில் விட்டு மேல்வரம்பு 6400 வையுங்கள். சூரியனை முதுகுப்பக்கம் வைத்து, கரையில் உட்கார்ந்து, லென்ஸை முழங்காலில் தாங்கிக்கொள்ளுங்கள்.