வம்சாவளி ஆய்வு அறிவியலாக வேண்டுமா? அப்படியானால் இந்தத் தவறுகள் வேண்டாம்

வம்சாவளி ஆய்வு முறையான அறிவியலாக வளர முடியும் என்றே நம்புகிறேன். ஆனால், "இவர் மகன் இவர்" என்று எழுதும் ஒவ்வொரு வரியையும் பொய்யாகிவிடக்கூடிய ஊகமாக எடுத்துக்கொண்டு சோதிக்க வேண்டும். புதிதாக வருபவர்கள் அங்கேதான் இடறுகிறார்கள். எழுத்துப்பிழை, தேதிக் குளறுபடியெல்லாம் போகப்போகச் சரியாகிவிடும், அவற்றை விட்டுவிடுகிறேன்.

பெயர் ஒன்று என்றால் ஆளும் ஒன்றா?

இன்றும் எனக்கு எரிச்சலூட்டுவது இதுதான். ஒருவர் தன் முன்னோர் ஒருவரின் தந்தையைக் கண்டுபிடித்துவிட்டதாகச் சொன்னார். திருமணப் பதிவில் மாப்பிள்ளைக்கு வயது 24. அதே ஊர்த் தேவாலயத்தில் 24 ஆண்டுகளுக்கு முன் அதே பெயரில் ஒரு ஞானஸ்நானம். சரி, பொருந்திவிட்டது என்று அதற்கு மேலே நான்கு தலைமுறைகளை அடுக்கிவிட்டார். "அந்தக் குழந்தை பிழைத்து வளர்ந்ததா?" என்று கேட்டேன். அதைப் பார்க்கவே இல்லை. அடக்கப் பதிவேட்டைப் புரட்டினோம். அதே பெயர், அதே தகப்பன், வயது இரண்டு. மாதக்கணக்கில் உழைத்துச் சேர்த்த நான்கு தலைமுறையும் வேறு யாருடைய முன்னோர்களோ!

தாத்தா பெயரைப் பல பேரன்களுக்கு வைத்த குடும்பங்கள் ஏராளம். இறந்த குழந்தையின் பெயரையே அடுத்த குழந்தைக்கு வைத்தவர்களும் உண்டு. பதிவில் உள்ள வயதும் பல நேரம் உத்தேசம்தான். ஆகவே அந்தப் பெயரில் இருந்த எல்லோரையும் பட்டியலிடுங்கள். அடக்கம், இன்னொரு திருமணம், உயில், சொத்துப் பத்திரம் என்று உங்கள் ஊகத்தை உடைக்கக்கூடிய ஆவணங்களை முதலில் தேடுங்கள். அமெரிக்காவில் வம்சாவளி ஆய்வாளர்களுக்குச் சான்றளிக்கும் வாரியம் நிரூபணத்துக்கு ஐந்து நிபந்தனைகள் வைத்திருக்கிறது. முரண்படும் சான்றுகளுக்குத் தீர்வு காண்பது அவற்றில் ஒன்று. முரணைத் தேடியே போகாதவர் எதைத் தீர்ப்பார்?

"நூறு பேர் இப்படித்தான் போட்டிருக்கிறார்கள்"

நூறு பேரும் தங்கள் வம்சாவளிப் பட்டியலில் ஒருவரைப் பார்த்து எழுதியிருந்தால் சான்று ஒன்றுதான்.

டிஎன்ஏ எல்லாம் சொல்லிவிடும் என்ற நம்பிக்கை

டிஎன்ஏ சோதனையில் உங்களோடு ஏறக்குறைய 25 சதவீதம் பொருந்துகிறவர் உங்கள் தாத்தாவாக இருக்கலாம், தாய்மாமனாக இருக்கலாம், அப்பா மட்டும் ஒருவரான சகோதரனாகவும் இருக்கலாம். இதில் யார் என்று பிரித்துச் சொல்ல வயதும் ஆவணமும் வேண்டும். அப்புறம், வெகு தூரத்து உறவினர்களிடையே பொதுவான டிஎன்ஏ துண்டே இல்லாமல் போவதும் உண்டு. பொருத்தம் வரவில்லை என்பதற்காக உறவை அடித்துவிடாதீர்கள்.

கிடைக்காததைக் குறித்துவைக்காதது

தேடிய பதிவேடு, தேடிய ஆண்டுகள், "கிடைக்கவில்லை" என்ற முடிவு: இந்த மூன்றையும் எழுதுங்கள்.