எண்டோமெட்ரியோசிஸ் இருக்கும்போது பிள்ளைக்கு முயற்சி செய்வது எப்படி

எண்டோமெட்ரியோசிஸ் என்பது கருப்பையின் உள்சுவர் போன்ற திசு கருப்பைக்கு வெளியே வளரும் நோய். அது இருந்தால் பிள்ளையே பிறக்காது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். பலருக்குத் தானாகவே தங்குகிறது. ஆனால் காலம் கடத்தக் கூடாது. 35 வயதுக்கு உட்பட்டவர்கள் ஒரு வருஷம் முயற்சி செய்து பார்க்கலாம் என்பது பொதுக் கணக்கு. இந்த நோய் இருப்பது தெரிந்தபின் அவ்வளவு நாள் காத்திருக்காமல் டாக்டரைப் பாருங்கள்.

போகும் முன் ஒரு சின்ன நோட்டுப் போடுங்கள். என்னுடையது பீரோவில் புடவைக்கு அடியில் இருக்கும். பெரிய வீட்டில் எல்லார் கண்ணிலும் படவேண்டியதில்லை. தீட்டு வந்த தேதி, எத்தனை நாள் வலி, மலம் கழிக்கும்போது வலியா, கணவரோடு சேரும்போது வலியா, எல்லாம் எழுதுங்கள். கடைசியாகச் சொன்னதை மாமியார் பக்கத்தில் இருந்தால் சொல்ல வாய் வராது. "அத்தை, நீங்க கொஞ்சம் வெளியே உக்காருங்க" என்று சொல்வது மரியாதைக் குறைவே இல்லை. காரைக்குடியிலிருந்து மதுரை வரை போய்விட்டு, முக்கியமானதைச் சொல்லாமல் திரும்பலாமா?

கணவருக்கு விந்துப் பரிசோதனை முதலிலேயே எடுத்துவிடுங்கள். அதற்கு முன் 2 முதல் 7 நாள் சேராமல் இருக்கவேண்டும். உங்களுக்குக் கருமுட்டை இருப்பைக் காட்டும் ஏ.எம்.எச். ரத்தப் பரிசோதனை, கருக்குழாய் அடைப்பு பார்க்கும் எக்ஸ்ரே இரண்டையும் பற்றிக் கேளுங்கள்.

சினைப்பையில் சாக்லேட் கட்டி (இந்த நோயால் பழைய ரத்தம் தேங்கிய கட்டி), ஆபரேஷன் என்று சொன்னால் உடனே தலையாட்டாதீர்கள். கட்டியை உரித்தெடுக்கும்போது நல்ல திசுவும் சேர்ந்து போகலாம், முட்டை இருப்பு குறையலாம். இரண்டு பக்கமும் கட்டி என்றால் இன்னும் கவனம் வேண்டும். "இந்த ஆபரேஷன் வலிக்கா, பிள்ளைக்கா? ஏ.எம்.எச். எவ்வளவு? நேரே ஐ.வி.எஃப். (சோதனைக் குழாய் முறை) போனால் என்ன?" இந்த மூன்றையும் கேட்டுப் பதிலை நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். எனக்கு இதைவிட உபயோகமான பக்கம் அந்த நோட்டில் வேறு இல்லை.

டைனோஜெஸ்ட் மாத்திரை வலியை அடக்கும். சாப்பிடும் வரை பெரும்பாலும் முட்டை வெளிவராது, கரு தங்குவது அரிது. எப்போது நிறுத்துவது என்று டாக்டரிடமே கேளுங்கள். மெஃபனமிக் அமிலம் போன்ற வலி மாத்திரைகள் முட்டை வெளிவருவதைத் தள்ளிப்போடலாம், அதையும் கேட்டுக்கொள்ளுங்கள். ஃபோலிக் அமிலம் தினம் 400 மைக்ரோகிராம், இப்போதிருந்தே. உளுந்தங்களி தாராளமாகச் சாப்பிடுங்கள், கட்டி மட்டும் அதில் கரையாது.

முட்டை வெளிவரும் நாளும் அதற்கு முந்தைய 5 நாளும்தான் கரு தங்கும் காலம். வலியைப் பொறுத்துக்கொண்டு தினமும் சேரவேண்டாம், ஒன்றுவிட்டு ஒருநாள் போதும்.

பிள்ளை கூட்டிக்கொள்வது, அதாவது தத்தெடுப்பது, செட்டிநாட்டில் தலைமுறை தலைமுறையாக உள்ளதுதான், நல்லதும்கூட. ஆனால் சோதனையே முடியாத பெண்ணிடம் அந்தப் பேச்சை எடுக்காதீர்கள், ஆச்சிமார்களே.

நாள் தள்ளிப்போய்ச் சோதனையில் இரண்டு கோடு வந்தால், 6, 7 வாரத்தில் ஸ்கேன் பார்த்துவிடுங்கள். இந்த நோய் உள்ளவர்களுக்குக் கருக்குழாயிலேயே கரு தங்கும் ஆபத்து சற்று அதிகம். அடிவயிற்றில் ஒருபக்கமாக வலி, தோள்பட்டை வலி, மயக்கம், ரத்தக்கசிவு எது வந்தாலும் விடியட்டும் என்று இருக்காதீர்கள். உள்ளூரில் ராத்திரியிலும் வரக்கூடிய கார்க்காரர் நம்பரை 108-க்குக் கீழேயே எழுதி வையுங்கள்.