ஓரமாகப் போனால் மட்டும் போதாது

"ஓரமாப் பாத்துப் போ" என்று சொல்லித்தான் பிள்ளைகளைச் சைக்கிளில் அனுப்புகிறோம். பாதிதான் சரி. தார் முடிந்து மண்ணில் இறங்கும் அந்த விளிம்பில்தான் மணலும் உடைந்த சாக்கடை மூடியும் கிடக்கும். சக்கரம் சறுக்கினால் விழுவது சாலைப் பக்கம். நிறுத்தியிருக்கும் கார்களை உரசிக்கொண்டு போனாலோ, எந்தக் கதவு எப்போது திறக்கும் என்று சொல்ல முடியாது. ஒரு கதவின் அகலம், ஏறக்குறைய ஒரு மீட்டர், விட்டே ஓட்ட வேண்டும்.

அதைவிட மோசமான ஓரம், சிக்னலில் நிற்கும் பஸ் அல்லது லாரியின் இடப்பக்கம். அந்தச் சந்தில் நுழைந்து முன்னே போய்விடலாம் என்றுதான் தோன்றும். நீளமான வண்டி இடப்பக்கம் திரும்பும்போது அதன் பின்சக்கரம் முன்சக்கரத்தின் தடத்தில் வராது. உள்வாங்கி ஓரத்தை ஒட்டி வரும். டிரைவர் கண்ணாடியில் நீங்கள் தெரியவும் மாட்டீர்கள். இரண்டு நிமிஷம் தாமதமானாலும் பின்னாலேயே நில்லுங்கள்.

அப்புறம் ராங் சைடு. "எதிரே வருவது கண்ணுக்குத் தெரியுமே" என்பார்கள். பள்ளி நாட்களில் நானும் சொன்னதுதான். கணக்குப் போட்டுப் பாருங்கள். நீங்கள் 15 கி.மீ. வேகம், பைக் 45. ஒரே திசை என்றால் இரண்டும் நெருங்கும் வேகம் 30. எதிரெதிர் என்றால் 60. வேகம் இரட்டிப்பானால் மோதலின் ஆற்றல் நான்கு மடங்கு. போதாததற்கு, சந்திலிருந்து இடப்பக்கம் திரும்பி ஏறும் வண்டிக்காரர் வலப்பக்கம்தான் பார்ப்பார். தப்பான பக்கம் வரும் உங்களை அவர் எதிர்பார்ப்பதே இல்லை.

முன் பிரேக் பிடித்தால் குப்புற விழுவோம் என்ற பயமும் உண்டு. பிரேக் பிடித்தால் எடை முன்சக்கரத்துக்குப் போகிறது. நிறுத்தும் வேலையில் பெரும்பகுதி அதனுடையது. இரண்டையும் சேர்த்து, சீராக அழுத்துங்கள். மணலிலும் ஈரத்திலும் மட்டும் முன்பக்கம் மெதுவாக.

தெருவிளக்கு இருக்கிறதே என்று லைட் இல்லாமல் போவது பற்றிச் சொல்லவே வேண்டாம். டைனமோ இருப்பவர்களும் ஒன்றை மறக்கிறார்கள்: மிதிப்பதை நிறுத்திச் சைக்கிள் நின்றால் விளக்கும் அணைந்துவிடும். வலப்பக்கம் திரும்ப நடுரோட்டில் காத்திருக்கும்போது நீங்கள் இருட்டில் நிற்கிறீர்கள். பின் மட்கார்டில் சிவப்பு ரிஃப்ளெக்டர் ஒட்டினாலே பெரிய வித்தியாசம்.

கடைசியாக, விபத்துக்குப் பிறகு செய்யும் தவறு. "சைக்கிளுக்கு லைசென்ஸ் இல்லை, இன்சூரன்ஸ் இல்லை, நமக்கு என்ன கிடைக்கப்போகிறது" என்று இருநூறோ ஐந்நூறோ வாங்கிக்கொண்டு போய்விடுகிறார்கள். மோதிய வண்டியின் மூன்றாம் நபர் காப்பீடு இப்படிப்பட்டவர்களுக்காகத்தான் கட்டாயமாக்கப்பட்டிருக்கிறது. வண்டிக்காரர்மேல் தவறு இருந்தால் மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் கேட்கலாம். மோதிவிட்டு ஓடிய வண்டி எது என்றே தெரியாவிட்டாலும், 2022 ஏப்ரலில் இருந்து உயிரிழப்புக்கு 2 லட்சம், கொடுங்காயத்துக்கு 50,000 ரூபாய் மத்திய அரசுத் திட்டத்தில் உண்டு. ஆகவே சண்டையை அப்புறம் வைத்துக்கொண்டு முதலில் நம்பர் பிளேட்டைப் படம் எடுங்கள்.